ஒற்றியூர் ஞானத்தேடல் – 6: ஏழுகிணற்றுப் பிள்ளை

திருவொற்றியூரில் ஞானம் தேடியவர்களில் பெரும்பாலோர் எதையேனும் இழந்துவிட்டு அங்கே வந்தவர்கள். சிலர் வந்த இடத்தில் இழந்தவர்கள். மகிழ மரத்தடியில் சங்கிலியாருக்குச் செய்த சத்தியத்தை மீறிய சுந்தரர், ஊர் எல்லையைக் கடந்ததும் இரு கண்களையும் இழந்தார். எண்ணெய் வணிகரான கலிய நாயனார், கோயிலுக்கு விளக்கெரித்தே தம் செல்வத்தைக் கரைத்தார்.

949ஆம் ஆண்டு தக்கோலப் போரில் சோழ இளவரசன் இராசாதித்தன் மாண்டான். அந்த நேரத்தில் தலைவனின் அருகில் நிற்க முடியாமல்போன கேரளத்துப் படைத்தலைவன் வெள்ளன் குமரன், அந்தத் துயரம் தாளாமல் ஒற்றியூருக்கு வந்து துறவு பூண்டு சதுரானன பண்டிதர் ஆனார். மகனை இழந்து வணிகத்தைத் துறந்த பட்டினத்தாருக்கு, கையில் ஏந்திய பேய்க்கரும்பின் நுனி இனித்தது இந்தக் கடற்கரையில்தான் என்று ஊர் சொல்கிறது. அவர் அடங்கிய இடம் இன்றும் இங்கே கோயிலாக இருக்கிறது.

சென்ற பகுதி பட்டினத்தாரோடு நின்றது. உலகை உதறினால்தான் உண்மை கிட்டும் என்பது அவர் பாடல்கள் தந்த விடை. அந்த விடை பல நூற்றாண்டுகள் தமிழ்நாட்டுத் தெருக்களில் பாடப்பட்டது.

19ஆம் நூற்றாண்டில், பள்ளிப்படிப்பு இல்லாத ஓர் இளைஞர் அதே ஊருக்கு நாள்தோறும் நடந்து வந்தார். தேவாரத்தையும் திருவாசகத்தையும் பட்டினத்தாரையும் உள்வாங்கிக்கொண்டு, பட்டினத்தார் தந்த விடையிலிருந்து மெல்ல விலகினார். இந்தப் பகுதி அவரைப் பற்றியது.

மருதூரிலிருந்து சென்னைக்கு

சிதம்பரத்துக்கு அருகிலுள்ள மருதூரில் 1823 அக்டோபர் 5ஆம் நாள் இராமலிங்கர் பிறந்தார். தந்தை இராமையா பிள்ளை ஊர்க் கணக்கர்; பிள்ளைகளுக்கு எழுத்தறிவித்த ஆசிரியரும்கூட. தாய் சின்னம்மையார். ஐந்து பிள்ளைகளில் இராமலிங்கர் கடைசி.

கைக்குழந்தையாக இருந்தபோதே தந்தை இறந்துவிட்டார். சின்னம்மையார் பிள்ளைகளோடு தம் பிறந்த ஊர்ப்பக்கமான பொன்னேரிக்குச் சென்றார். அங்கிருந்து குடும்பம் சென்னைக்கு வந்து, ஏழுகிணறு வீராசாமி பிள்ளைத் தெருவில் குடியேறியது. 1772இல் கோட்டைக்குக் குடிநீர் கொண்டுசெல்லத் தோண்டிய கிணறுகளால் பெயர் பெற்ற பகுதி அது.

குடும்பத்தைத் தாங்கியவர் மூத்த அண்ணன் சபாபதி பிள்ளை. புராண விரிவுரை அவருக்குத் தொழில். செல்வர் வீடுகளில் மாலை வேளைகளில் பெரியபுராணம் முதலிய நூல்களைப் பாட்டும் பொருளுமாகச் சொல்வார். அந்த வருமானத்தில்தான் வீட்டில் உலை வைத்தார்கள்.

ஆக, இராமலிங்கர் வளர்ந்த வீட்டில் இலக்கியம் என்பது ஏட்டில் பூட்டிவைத்த பொருளாக இல்லை. நாள்தோறும் ஓதப்படும் குரலாக இருந்தது; வீட்டுக்குச் சோறு தரும் வேலையாகவும் இருந்தது. இந்த இரண்டும் பின்னாளில் அவர் வாழ்க்கையில் ஆழமான தடம் பதித்தன.

கண்ணாடியும் விளக்கும்

தம்பியைப் புலவனாக்க வேண்டும் என்று அண்ணன் விரும்பினார். தாமே கற்பித்துப் பார்த்தார்; பிறகு தமக்குப் பாடம் சொன்ன காஞ்சிபுரம் சபாபதி முதலியாரிடம் அனுப்பினார். தம்பியோ பாடசாலையை விட்டுக் கந்தகோட்டத்துக்குப் போய் முருகன் முன் நின்று பாடிக்கொண்டிருந்தார். அதை நேரில் கேட்ட ஆசிரியர், இந்தப் பிள்ளைக்குத் தாம் சொல்லித்தர ஒன்றுமில்லை என்று விலகிக்கொண்டதாக இராமலிங்கரின் வரலாறுகள் கூறுகின்றன.

அண்ணனுக்குச் சினம் வந்தது. படிக்காத பிள்ளைக்குச் சோறு போட வேண்டாம் என்று மனைவியிடம் சொல்லிவிட்டார். அண்ணி பாப்பாத்தி அம்மாள் கணவருக்குத் தெரியாமல் பின்கட்டில் வைத்துச் சோறு போட்டார். பசி என்ன செய்யும், அதைத் தணிக்கும் கை எப்படிப்பட்டது என்பதை அந்தச் சிறுவர் புத்தகத்தில் படித்து அறியவில்லை.

ஒரு நாள் அண்ணி கண்ணீர் விட்டு, ஒழுங்காக வீட்டிலிருந்து படிக்கும்படி கேட்டுக்கொண்டார். இராமலிங்கர் இசைந்தார். மாடியில் ஓர் அறை, ஒரு நிலைக்கண்ணாடி, ஒரு விளக்கு ஆகியவற்றைக் கேட்டார். கண்ணாடிக்கு முன் விளக்கேற்றி வைத்து அமர்ந்தார்.

அந்தக் கண்ணாடியில் தணிகை முருகன் தோன்றிக் காட்சி தந்ததாக அவரே பாடியிருக்கிறார். அன்பர்கள் அதை அருட்காட்சியாகவே போற்றுகிறார்கள்.

வரலாற்றுக்கு அங்கே இன்னொரு செய்தியும் இருக்கிறது. ஆசிரியர் இல்லை, மடம் இல்லை, தீட்சை இல்லை. தாமாக ஓதி, தாமாக உள்நோக்கிப் பழகிய ஒருவர் அந்த அறையில் உருவானார். தமக்கு ஞானகுரு யார் என்று பின்னாளில் சொல்ல நேர்ந்தபோது, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த திருஞானசம்பந்தரையே அவர் குறித்தார். சம்பந்தரை நேரில் காண அவருக்கு இருந்த வழி தேவாரம் ஒன்றுதான். ஒரு நூலையே குருவாகக் கொள்ள முடியும் என்பதற்கு அவர் வாழ்வு சான்று.

கந்தகோட்டத்தில் ஒரு வேண்டுதல்

கந்தகோட்டத்து முருகனைப் பாடிய தெய்வமணி மாலை அவருடைய தொடக்ககால ஆக்கங்களில் பெயர் பெற்றது. முப்பத்தொரு பாடல்கள் கொண்டது. இறைவனிடம் கேட்க வேண்டியவை எவை என்று ஓர் இளம் உள்ளம் போட்ட பட்டியலாகவே அதைப் படிக்கலாம்.

நல்லவர்களின் உறவு வேண்டும். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாகப் பேசுவோரின் உறவு கூடாது. பொய் பேசாத நா வேண்டும். நோயில்லாத வாழ்வு வேண்டும் என்று அது கேட்டுக்கொண்டே போகிறது.

அந்தப் பட்டியலில் ஒரு கோரிக்கை தனித்து நிற்கிறது. பிறரிடம் போய்க் கையேந்தாத இயல்பு தமக்கு வேண்டும் என்று கேட்கிறார். உடனே, தம்மிடம் வந்து ஒருவர் கேட்டால் இல்லை என்று சொல்லாமல் கொடுக்கும் ஆற்றலையும் சேர்த்துக் கேட்கிறார்.

கேட்டவர் யார் என்பதைக் கவனிக்க வேண்டும். அண்ணன் நிழலில் வாழ்ந்த, சொந்த வருமானம் இல்லாத இளைஞர். கொடுப்பதற்குக் கையில் எதுவும் இல்லாத வயதில் கொடுக்கும் வல்லமையை வேண்டினார். அவருடைய தேடல் எந்தத் திசையில் போகப்போகிறது என்பதற்கு முதல் அடையாளம் இது.

அண்ணனுக்குப் பதில் தம்பி

அண்ணன் அவரைப் புரிந்துகொண்ட நிகழ்ச்சி சோமு செட்டியார் என்ற செல்வரின் வீட்டில் நடந்தது. அங்கே சபாபதி பிள்ளையின் பெரியபுராண விரிவுரை நடந்துவந்தது. ஒரு நாள் அவருக்கு உடல்நலம் இல்லை. சில பாடல்களை மட்டும் பாடிவிட்டு வரும்படி தம்பியை அனுப்பினார்.

பாட வந்தவர் பொருளும் சொல்லத் தொடங்கினார். சம்பந்தர் வரலாற்றை அவர் விரித்துச் சொன்ன விதத்தில் நேரம் போனதே கூட்டத்துக்குத் தெரியவில்லை. விரிவுரையை இனி இவரே தொடர வேண்டும் என்று அவையினர் கேட்டுக்கொண்டார்கள்.

அண்ணனின் சினம் அன்றோடு தீர்ந்தது. நல்ல வரும்படியுள்ள தொழில் ஒன்று தம்பிக்கும் கதவு திறந்தது. சென்னையின் செல்வர் வீடுகளில் புராணம் சொல்லிப் பேரும் பொருளும் சேர்த்திருக்கலாம்.

அவர் அந்த வழியில் போகவில்லை. வடக்கு நோக்கி நடந்தார்.

வடக்கு நோக்கிய சாலை

பன்னிரண்டு வயதில், அதாவது 1835 வாக்கில், இராமலிங்கர் திருவொற்றியூருக்குச் செல்லத் தொடங்கினார் என்பது வரலாற்றாசிரியர்கள் கூறும் கணக்கு. ஏறத்தாழ 23 ஆண்டுகள் அந்த வழிபாடு தொடர்ந்தது.

அவர் நடந்த வழி வெறும் பாதை இல்லை. ஏழுகிணற்றைத் தாண்டி வடக்கே வந்தால் இராயபுரத்து மணியக்காரர் சத்திரம். 1782 பஞ்சத்தில் பசித்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கப்பட்ட இடம் அது. அதிலிருந்து வளர்ந்த ஸ்டான்லி மருத்துவமனையை வடசென்னையின் மூத்தவர்கள் இப்போதும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். 1833இல் குண்டூர்ப் பகுதியைக் கடும் பஞ்சம் பிடித்தபோது, உயிர் தப்பியவர்கள் வடக்கிலிருந்து சென்னையை நோக்கி நடந்தார்கள். அப்போது இராமலிங்கருக்குப் பத்து வயது.

இராயபுரத்தையும் தண்டையார்பேட்டையையும் ஒட்டிய இந்தப் பகுதியில் அதே காலத்தில் இன்னொரு ஞானத்தேடலும் நடந்துகொண்டிருந்தது. தொண்டிக்கு அருகிலுள்ள குணங்குடியில் 1792இல் பிறந்த சுல்தான் அப்துல் காதிர், துறவியாகி வடசென்னையில் வந்து தங்கினார். குணங்குடி மஸ்தான் சாகிபு என்று உலகம் அவரை அறிகிறது.

தாயுமானவரின் நடையை இஸ்லாமிய ஞானத்தோடு இணைத்து, பராபரக் கண்ணி உள்ளிட்ட கண்ணிகளை அவர் பாடினார். திருத்தணிகைச் சரவணப்பெருமாள் ஐயர் என்ற சைவப் புலவர் அவரைப் போற்றி நான்மணிமாலை இயற்றினார். 1838இல் மஸ்தான் மறைந்தார். அவருடைய அடக்கத்தலம் இராயபுரத்தில் இருக்கிறது. 1835 முதல் மூன்று ஆண்டுகள், ஒரே சாலையோரத்தில் ஒரு சூபி தம் தேடலின் முடிவிலும் ஒரு சைவச் சிறுவர் தம் தேடலின் தொடக்கத்திலும் இருந்தார்கள்.

அதற்கும் வடக்கே காலடிப்பேட்டை. 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆளுநர் காலெட் நெசவாளர்களுக்காக அமைத்த குடியிருப்பு. தறி ஓசையைக் கடந்தால் கடற்காற்றும் ஒற்றியூர்க் கோபுரமும்.

சமயம், பசி, உழைப்பு ஆகிய மூன்றையும் கடந்துதான் அந்தக் கோயிலை அடைய முடியும். 23 ஆண்டுகள் அந்த வழியில் நடந்தவரின் பாட்டில் மூன்றும் இறங்கியதில் வியப்பில்லை.

கோயிலும் பாட்டும்

ஒற்றியூர்க் கோயில் அப்போதே மிகப் பழையது. தேவார மூவரும் பாடிய தலம். ஆதிபுரீசுவரர் இங்கே புற்று வடிவில் இருக்கிறார். ஆண்டு முழுதும் கவசம் சாத்தியிருக்கும். கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள்கள் மட்டும் கவசம் விலகும். முதலாம் இராசேந்திர சோழன் காலத்தில் கற்றளியாக எழுந்த தூங்கானை வடிவ விமானம் இன்றும் நிற்கிறது. பாணினியின் இலக்கணம் கற்பிப்பதற்கென்றே ஒரு மண்டபம் வைத்திருந்த கோயில் இது.

இங்கே இராமலிங்கர் பாடிய பாடல்கள் மிகப் பல. அவை ஒரே குரலில் அமைந்தவை அல்ல. தேடுபவர் தமக்கும் இறைவனுக்கும் இடையே எந்த உறவு பொருந்தும் என்று ஒவ்வொன்றாக வாழ்ந்து பார்த்ததை அவற்றில் காண முடிகிறது.

எழுத்தறியும் பெருமான் மாலையில் அவர் முறையிடும் அடிமை. உலகத் துன்பம் தாங்க முடியாமல், இன்னும் ஏன் இரங்கவில்லை என்று கேட்கிறார்.

வடிவுடை மாணிக்க மாலையில் அவர் பிள்ளை. வடிவுடையம்மனைத் தாயாகக் கொண்டு பாடிய 101 பாடல்கள் அவை. தந்தை முகம் அறியாமல் வளர்ந்தவர் தாய்மையை மொழியாக்கிய நூல் அது. இன்றும் ஒற்றியூர்க் கோயிலில் வெள்ளிக்கிழமைகளில் பெண்கள் அதை வாய்விட்டு ஓதுவதைக் கேட்கலாம்.

இங்கித மாலையில் அவர் தலைவி. ஒற்றியூர் இறைவனான தியாகர் பிச்சை கேட்டு வாசலுக்கு வருகிறார். தலைவி அவரிடம் பேச்சுக் கொடுக்கிறாள். ஒரு சொல்லுக்கு அவள் ஒரு பொருள் கொள்ள, அவர் வேறொரு பொருள் சொல்லி மடக்குகிறார். அகப்பொருள் மரபு முழுவதும் அந்த வாசற்படி உரையாடலில் புதிதாக உயிர் பெறுகிறது.

அடிமை, பிள்ளை, காதலி என்ற மூன்று நிலைகளும் அவர் கண்டுபிடித்தவை அல்ல. நாயன்மார்களும் ஆழ்வார்களும் வகுத்துத் தந்தவை. மரபு கொடுத்த ஒவ்வொரு கதவையும் தட்டிப் பார்த்தவர் அவர். சம்பந்தர், அப்பர், சுந்தரர், மணிவாசகர் நால்வருக்கும் தனித்தனியே அருண்மாலை பாடியதும் இந்தக் கற்றலின் நன்றிக்கடன்.

ஆனால் கதவு எதுவாயினும் உள்ளே கேட்ட குரல் ஒன்று தொடர்ந்து வளர்ந்துகொண்டே வந்தது. பிறர் படும் துயரைக் கண்டு தமக்கு உண்டாகும் நடுக்கம் அது. முதலில் தம் குறைகளைச் சொல்லி அழுதவர், பிறகு பிறர் துயரையும் தம் குறையாகவே எண்ணி அழத் தொடங்கினார்.

திண்ணையில் ஓர் இரவு

இந்தக் காலத்தைச் சேர்ந்த ஒரு நிகழ்ச்சியை அன்பர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லி வருகிறார்கள்.

ஒற்றியூரில் வழிபாடு முடித்து ஏழுகிணறு திரும்ப வெகுநேரம் ஆகிவிட்டது. வீட்டுக் கதவு தாழிட்டிருந்தது. உறங்குபவர்களை எழுப்ப மனமில்லாமல், பசியோடு திண்ணையில் படுத்தார். சிறிது நேரத்தில் அண்ணி வந்து எழுப்பி, சோறு போட்டுச் சென்றார். உண்டு உறங்கிப்போனார்.

பிறகு கதவு திறந்தது. அண்ணி வெளியே வந்து, பசியோடு படுத்துவிட்டாயே, எழுந்து சாப்பிடு என்றார். அப்போதுதான் சாப்பிட்டதாகச் சொன்னதும் அண்ணி திகைத்தார். அண்ணி வடிவில் வந்தவள் வடிவுடையம்மன் என்று அன்றைக்கு அந்த வீடு உணர்ந்தது.

இது நம்பிக்கையின் கதை. ஆயினும் எதை நம்பினார்கள் என்பது வரலாற்றுக்கும் உரிய செய்தி. தெய்வம் வந்தபோது மந்திரம் சொல்லித்தரவில்லை, தத்துவம் விளக்கவில்லை. பசித்தவனுக்குச் சோறு போட்டது. ஞானசம்பந்தருக்கு அம்மை ஞானப்பால் ஊட்டிய புராணம், ஏழுகிணற்றுத் திண்ணையில் வெறும் சோறாக மாறிற்று. அந்த மாற்றத்தில் இராமலிங்கரின் பிற்கால நெறி முழுவதும் அடங்கியிருக்கிறது.

அச்சுக்கூடத்தின் ஆண்டுகள்

1849இல் தொழுவூர் வேலாயுத முதலியார் அவரை நாடி வந்தார். இளம் வயதிலேயே தமிழும் வடமொழியும் கற்றவர். தாமே பழைய நடையில் செய்யுள் எழுதி, சங்கப் பாடல் என்று கொண்டுவந்து காட்டினாராம். இராமலிங்கர் பார்த்தவுடனே, இது சங்கப் புலவர் வாக்கு அன்று, கற்றுக்குட்டி ஒருவன் எழுதியது என்று சொல்லிவிட்டாராம். வேலாயுதர் அன்றே மாணவரானார். பின்னாளில் மாநிலக் கல்லூரியில் தமிழ்ப் பண்டிதராக இருந்தவர் இவரே.

1850இல் குடும்பத்தார் வற்புறுத்தலால், அக்காள் உண்ணாமுலையின் மகள் தனக்கோடி அம்மாளை மணந்தார். மணநாள் இரவில் அவர் திருவாசகம் ஓதிக்கொண்டிருந்தார் என்பது வழக்கு. இல்லறத்தில் அவர் மனம் செல்லவில்லை.

அந்த ஆண்டுகளில் சென்னை, தமிழ் அச்சு நூல்களின் தலைநகராகிக்கொண்டிருந்தது. ஏட்டில் இருந்தவை ஒவ்வொன்றாகத் தாளில் ஏறின. இராமலிங்கரும் அந்த வேலையில் இறங்கினார்.

1851இல் கண்ணுடைய வள்ளலார் இயற்றிய ஒழிவிலொடுக்கத்தைப் பதிப்பித்தார். தன்முனைப்பு ஒழிந்து சிவத்தில் அடங்குவதைப் பேசும் நூல் அது. 1855இல் படிக்காசுப் புலவரின் தொண்டமண்டல சதகம், 1857இல் சின்மய தீபிகை ஆகியவையும் அவர் பதிப்பில் வெளிவந்தன.

பிறர் நூல்களை இத்தனை அக்கறையோடு அச்சேற்றியவர், தம் பாடல்களை மட்டும் அச்சுக்குக் கொடுக்கவில்லை. ஒற்றியூர்ச் சன்னிதிகளில் பாடியவை ஏடுகளிலும் தாள்களிலும் அன்பர்களின் நினைவிலும் கிடந்தன. ஞானத்தை நாடிப் பாடிய பாட்டைப் புலமைச் சந்தையில் வைக்க அவர் விரும்பவில்லை.

ஒரே ஒரு விலக்கு உண்டு. அது பாட்டு அல்ல, உரைநடை.

அரசனின் தன்விசாரணை

1854இல் மனுமுறைகண்ட வாசகம் வெளிவந்தது. தேர்க்காலில் கன்றைக் கொன்ற மகன்மேல் தேரைச் செலுத்திய திருவாரூர் மனுநீதிச் சோழனின் கதை. பெரியபுராணத்தில் சேக்கிழார் சொன்னது. இராமலிங்கர் அதை உரைநடையில் விரித்தார்.

கதையில் தலைவிதியை மாற்றும் ஓரிடத்தில் அவர் நின்றுவிடுகிறார். பசு ஆராய்ச்சி மணியை அடித்தது; கன்று இறந்த செய்தி கிடைத்தது. அரசன் உடனே மகனைக் குற்றவாளியாக்கவில்லை. முதலில் தன்னையே கூண்டில் ஏற்றுகிறான். இப்படி ஒரு துயரம் தன் ஆட்சியில் நேர வேண்டுமானால், தான் முன்பு என்ன பாவம் செய்தேனோ என்று கேட்கத் தொடங்குகிறான்.

கேள்விகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. பசித்தவர்களின் முகத்தைப் பாராமல் இருந்ததுண்டா? வேலை வாங்கிவிட்டுக் கூலியைக் குறைத்ததுண்டா? குடிநீர்க் குளத்தைத் தூர்த்ததுண்டா? வெயிலுக்கு ஒதுங்கும் மரத்தை வெட்டியதுண்டா? இந்தப் போக்கில் நீண்டுகொண்டே போகிறது பட்டியல்.

தமிழ் உரைநடையில் பாவம் என்பதற்கு இப்படி ஒரு வரையறை அதற்குமுன் அரிது. சடங்கில் தவறியதும் தீட்டைத் தொட்டதும் இங்கே முதன்மையாக இல்லை. கூலி, குளம், நிழல், சோறு ஆகியவற்றைப் பிறரிடமிருந்து பறிப்பதே கொடும் பாவம்.

பிற்காலத்தில் தொழிற்சாலைகளும் துறைமுகமும் வந்து நிறைந்த ஒற்றியூருக்கும் எண்ணூருக்கும் அந்தப் பட்டியல் இன்னும் பொருந்துகிறது. குறைத்த கூலியும் தூர்ந்த நீர்நிலையும் அங்கே வாழ்வோருக்குப் பழங்கதை அல்ல.

இருபது ஆண்டுகள் பாட்டில் நடந்த தேடல் இந்த உரைநடையில் முதன்முறையாகத் தன் முகத்தைக் காட்டியது. இறைவனை அடைவது எப்படி என்ற கேள்வி, சக உயிருக்குத் தான் செய்தது என்ன என்ற கேள்வியாக மாறிவிட்டது. இலக்கியம் வழியே ஞானம் தேடிய ஒருவரின் வாழ்வில் இதுவே திருப்புமுனை.

தேரடித் தெரு

ஒற்றியூர்த் தேரடித் தெருவில் ஆடையில்லாத துறவி ஒருவர் ஒரு வீட்டுத் திண்ணையில் இருந்தார். தெருவில் போவோர் வருவோரைப் பார்த்து, மாடு போகிறது, நரி போகிறது, நாய் போகிறது என்று அவரவர் உள்ளத்து இயல்பைச் சொல்லிக்கொண்டிருப்பார். இராமலிங்கர் வழக்கமாகத் தேரடித் தெரு வழியே செல்வதில்லை. ஒரு நாள் அந்த வழியாகப் போனார்.

அவரைக் கண்டதும் துறவி எழுந்தார். இதோ ஒரு மனிதன் போகிறான் என்று சொல்லி, கைகளால் தம் உடலை மறைத்துக்கொண்டார். அன்றிரவே ஒற்றியூரை விட்டுப் போய்விட்டார் என்கிறது வழக்கு.

இந்த ஊரின் ஞானத்தேடல் வரலாற்றில் பட்டங்கள் பல வழங்கப்பட்டிருக்கின்றன: நாயனார், அடிகள், பண்டிதர், சித்தர். இராமலிங்கருக்கு இந்தத் தெரு கொடுத்தது மனிதன் என்ற பெயரை. ஒற்றியூர் தந்தவற்றில் மிக உயர்ந்தது அதுதான்.

1856இல் இராயபுரத்தில் ரயில் நிலையம் திறந்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்து வாலாஜாவை நோக்கிப் புறப்பட்டது. ஒற்றியூர்ச் சாலையின் அமைதி கலையத் தொடங்கியது. நகரம் வடக்கே வளர்ந்தது. அதன் செல்வமும் வளர்ந்தது. புலமை உலகில் இராமலிங்கரின் பெயரும் வளர்ந்தது.

1858இல் அவர் புறப்பட்டார். தலங்களை வழிபட்டுக்கொண்டே தெற்கே நடந்து, வடலூருக்கு அருகில் கருங்குழி என்ற சிற்றூரில் மணியக்காரர் வேங்கட ரெட்டியாரின் வீட்டில் தங்கினார். சென்னையில் மாணவர்கள் இருந்தார்கள், அச்சுக்கூடங்கள் இருந்தன, 23 ஆண்டுகள் அவர் பாடிய தெய்வம் இருந்தது. கருங்குழியில் வயலும் வறியவர்களும் இருந்தார்கள்.

சுந்தரர் ஒற்றியூரை நீங்கிக் கண்ணிழந்தார். பட்டினத்தார் நீங்காமல் அங்கேயே அடங்கினார். இராமலிங்கர் இரண்டையும் செய்யவில்லை. ஒற்றியூர் கற்பித்ததை எடுத்துக்கொண்டு வேறிடம் போனார்.

பாட்டால் ஞானத்தை அடைந்த ஒருவருக்கு, அந்தப் பாட்டு மட்டும் ஏன் போதாமல் போயிற்று? கருங்குழியில் அவர் தேடியது எதை?

(அடுத்த வாரம்: கருங்குழியும் அணையா அடுப்பும்)